பணியக்கணக்கு, அஞ்சாம் நம்பர் லயம்

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'என் சொந்த ஊர்' என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பாயி முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. "நம்ம சொந்த ஊர் எது அப்பாயி?" என்று கேட்டேன்.

அப்பாயி பதில் சொல்லவில்லை. அரிசியை உள்ளங்கையால் சமமாகத் தடவிவிட்டு, விரலால் ஒரு கோடு இழுத்தது. "இது கோச்சிப் பாதை." அதற்கு மேலே வளைந்து வளைந்து இன்னொரு கோடு. "இது தோட்டத்து ரோட்டு. இங்கன ஸ்டோரு, தேயிலை அரைக்கிற எடம். இங்கன கொழுந்து மடுவம். இதுக்கு மேல போனா மேக்கணக்கு. நாம கீழ, பணியக்கணக்கு. இது ஒண்ணாம் நம்பர் லயம், ரெண்டு, மூணு..." என்று சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டு, கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தியது. "அஞ்சாம் நம்பர். ரெண்டாவது காம்பரா. அதுலதான் ஒங்கப்பன் பொறந்தான்."

பிறகு முறத்தை இரண்டு தட்டு தட்டியது. கோடெல்லாம் போய்விட்டது. அப்பாயி மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தது. நான் நோட்டை எடுத்து, 'என் சொந்த ஊர் கோத்தகிரி' என்று எழுதினேன். பத்துக்கு எட்டு மார்க்.

இத்தனை வருஷம் கழித்து அந்த முறத்தைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

கோத்தகிரிக்கு வந்து போகிறவர்களுக்குக் கேத்தரின் நீர்வீழ்ச்சி தெரியும், கோடநாடு காட்சிமுனை தெரியும். 1819இல் ஜான் சல்லிவன் வந்து தங்கிய கன்னேரிமுக்கு தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் இறங்கி நடந்தால், சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும் வீடுகளை அவர்கள் பார்ப்பதில்லை. அங்கே யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிஷத்தில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று ஒரு பேர் வரும். ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். அரசாங்கத் தாளில் 'தாயகம் திரும்பியோர்'. இரண்டாவது பேரைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் தங்களை அழைத்துக்கொண்டதில்லை. தாயகம் என்பது பிறந்த இடம் என்றால், அவர்கள் அங்கிருந்து கிளம்பியவர்கள் அல்லவா?

கதை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1820களிலிருந்து திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து சனங்கள் முதலில் காப்பிக்கும், காப்பி நோய் கண்டு அழிந்தபின் தேயிலைக்கும் இலங்கைக்குப் போனார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நூறு வருஷத்துக்குமேல் அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணுக்குப் போனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துச் சனம் நாடற்றவர்கள் ஆனது, வாக்கும் போனது. அப்புறம் 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் கேட்கவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று வந்தது இப்படித்தான். எங்கள் வீட்டில் அப்பாயியின் தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவேதான் கப்பல். அதனால் திரும்பி வந்தவர்கள் எல்லாம் இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கப்பல் பேர் இராமானுஜம். வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பேரை மட்டும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இறங்கியதும் மண்டபம் முகாம். அந்த முகாமின் கதையைத் தனியாகவே எழுதலாம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில், காலராவும் பிளேக்கும் கடல் தாண்டிவிடக் கூடாதென்று அவர்களை நிறுத்திவைத்துச் சோதிக்கக் கட்டிய இடம் அது. 1964க்குப் பிறகு அதே இடத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அங்கேயே ஈழத்து அகதிகள். எங்கள் தாத்தாவின் அப்பா போகும்போது அங்கேதான் தங்கியிருப்பார், தாத்தா வரும்போது அங்கேதான் தங்கினார். யாராவது அந்தச் சுவர்களைச் சுரண்டிப் பார்த்தால் ஒரே குடும்பத்தின் கைரேகை இரண்டு அடுக்கு இருக்கும் என்று எனக்கு ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு உண்டு.

எங்கள் வீட்டார் 1974இல் வந்தார்கள். அப்போது தோட்டங்களில் பஞ்சம். அரிசியும் இல்லை, மாவும் இல்லை, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு வேலைக்குப் போனார்கள். அதுவரை போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த தாத்தா, பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை செத்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியைப் பற்றி அப்பாயி அதிகம் சொன்னதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சனம் ரயிலோடு கூடவே ஓடி வந்து அழுதது என்று ஒரு தடவை சொன்னது. அவ்வளவுதான்.

வந்தவர்களுக்குக் குடும்ப அட்டை என்று ஒன்று உண்டு. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் கொடுத்தது. எங்கள் வீட்டு அட்டையைக் கடனுக்காக ஒரு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. தாத்தா நாலைந்து தடவை நடந்துவிட்டு விட்டுவிட்டார். போன வருஷம் எங்கள் காலனியில் ஒரு பாட்டி தன் அட்டையைக் காட்டியது. பிளாஸ்டிக் கவருக்குள் கவர், அதற்குள் துணி, அதற்குள் அட்டை. குடும்பமே நிற்கும் ஒரு சின்னப் போட்டோ. பாட்டிக்கு அதில் முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் நிற்கும் பையன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறான். பேர், வயது, உறவு. அதற்குக் கீழே, எந்த மறுவாழ்வுத் திட்டம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் தலையெழுத்து. தோட்ட வேலை என்று எழுதியிருந்தால் மலைக்கு வருவார்கள். நூற்பாலை என்று இருந்தால் மில்லுக்கு. பெரும்பாலானவர்களுக்கு எழுதியிருந்தது வியாபாரக் கடன்.

கொழுந்து பறிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத சனத்துக்கு வியாபாரக் கடன்! ஐயாயிரம் ரூபாய். அதைக் கையில் வாங்கிக்கொண்டு துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார் தாத்தா. அவருடைய அப்பா கிளம்பிய ஊர் அது. அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை. பாத்தியதை கேட்டு வந்திருக்கிறார்களோ என்று பங்காளிகள் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். பெட்டிக்கடை வைத்தார்கள். எட்டு மாதத்தில் கடையும் போனது, கடனும் போனது. வெயில் வேறு. பிறந்ததிலிருந்து குளிரிலும் மழையிலும் கிடந்த உடம்பு, அந்த வெயிலில் கொப்புளம் கொப்புளமாகப் போட்டது. "நீலகிரியில தேயிலை இருக்காம்" என்று யாரோ சொன்னார்கள். மேட்டுப்பாளையம்வரை பஸ், பிறகு மலை ஏற்றம். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டிக் குளிர் காற்று அடித்ததும் அப்பாயி "வந்துட்டோம்" என்றதாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். இரண்டு ஒப்பந்தங்களின்படியும் இந்தியா வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அதில் பெருங்கூட்டம் ஒன்று சமவெளியில் பட்டுத் தெளிந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் ஏறியது. அரசாங்கமே இவர்களுக்காக 1968இல் தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. அதுதான் 1970களின் நடுவில் டான்டீ என்ற கம்பெனி ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நடுவட்டம், கோத்தகிரி என்று காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. இன்று சென்னையில் வீட்டுக்கடனுக்கு அங்கே வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு, அந்த 'ரெ' எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

எங்களுக்கு டான்டீயில் இடம் கிடைக்கவில்லை. கவுடர் தோட்டத்தில் வேலை. படகர்களைத்தான் இங்கே கவுடர் என்போம். ஹட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, யாருக்கும் ஆகாத சரிவில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அப்பாயி தகரம், சாக்கு, மூங்கில் எல்லாம் வைத்து அங்கே கட்டியது ஒரு லயத்துக் காம்பராதான். ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு. இப்போது கான்கிரீட் வீடு, ஆனால் இஸ்தோப்பு இஸ்தோப்புதான். அந்தச் சொல் டச்சுக்காரன் விட்டுப்போனது, காம்பரா போர்த்துகீசியன் விட்டுப்போனது. லயம் 'லைன்', காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு 'பரேடு', இரண்டும் வெள்ளைக்காரத் துரை கொடுத்தவை. மூன்று கடல் கடந்த சொற்களை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி கோத்தகிரிச் சந்தையில் கேரட் வாங்கினால், கடைக்காரர் "நீங்க சிலோனா?" என்று கேட்கத்தானே செய்வார்.

இந்த மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்கே எல்லோருக்கும் புத்தகம் இருக்கிறது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் 1906லேயே தடித் தடியாக எழுதிவிட்டார். தோடர் பாட்டையெல்லாம் எமனோ தொகுத்தார். படகர்களைப் பற்றி ஹாக்கிங்ஸ் வாழ்நாள் முழுக்க எழுதினார். கோத்தகிரிக்குப் பேர் கொடுத்த கோத்தர்களைத் தேடி 1937இல் டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்கர் வந்தார். அவர் யூதர். கோத்தர்களைப் பற்றி எழுதிய அதே கையால் கொச்சி யூதர்களைப் பற்றியும் கட்டுரை எழுதியிருக்கிறார். சின்னச் சமூகங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கரைந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகள் இருக்கின்றன. எத்தனை பேருக்குப் பட்டா, எத்தனை பேருக்குக் கழிப்பறை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்க யார் யார் எந்த நேரத்தில் நிற்பார்கள் என்று அதில் இருக்காது.

அப்படியும் எழுத முடியும் என்று எனக்குக் காட்டியது போலந்து. 1939க்கு முன் போலந்தின் எத்தனையோ சின்ன ஊர்களில் பாதிக்குப் பாதி யூதர்கள். சந்தைச் சதுக்கம், சுற்றிலும் அவர்கள் கடைகள், தையல்காரர், செருப்பு தைக்கிறவர், பின்னால் தொழுகைக்கூடம். 1942 வாக்கில் அந்த ஊர்களில் அவர்களில் ஒருவரும் இல்லை. ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களும் அதற்கு முன்பே கப்பல் ஏறியவர்களும் நியூயார்க்கிலும் டெல் அவிவிலும் ஒன்றுகூடி, ஊருக்கு ஒன்று என்று நினைவுப் புத்தகம் போட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கான புத்தகங்கள். எழுத்தாளர்கள் எழுதியதல்ல, அந்தந்த ஊர்க்காரர்கள் எழுதியது. அதில் என்னை உலுக்கியது படங்கள். மனசிலிருந்து கையால் வரைந்த தெருப் படம். இங்கே கிணறு, இங்கே இன்னார் ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம். அதைப் பார்த்ததும் எனக்கு முறத்து அரிசி ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. அங்கே நடந்தது இனக்கொலை. எங்கள் சனத்தை யாரும் விஷவாயுவுக்கு அனுப்பவில்லை, இரண்டு அரசாங்கங்கள் தலையை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன. ஆனால் ஒரு ஊர் இருந்ததற்கு அங்கே வாழ்ந்த கிழவிகளின் விரலைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போவது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

இங்கே வந்த பிறகு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஒரு அலுவலகத்தில், "சிலோன்ல பொறந்தவனுக்கு இங்க என்ன சாதி?" என்று கேட்டார்களாம். சாதி மட்டும் கடல் தாண்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது அந்த அதிகாரிக்குத் தெரியவில்லை போலும். கூடலூர்ப் பக்கம் போனவர்கள் பாடு இன்னும் மோசம். 1969இல் வந்த ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலம் என்பார்கள். அதில் குடியிருக்கிறவர்களுக்கு இன்றுவரை பட்டா இழுபறி, மின்சார இணைப்பு இழுபறி. அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஒரு தலைமுறைக்கே படிப்பும் ரோஷமும் ஊட்டிய ஆசிரியர் இர. சிவலிங்கம், இந்த மலைக்கு வந்தபின் தாயகம் திரும்பிய சனத்தை ஒன்று சேர்க்கப் பாடுபட்டார். அவர் பேரை இங்குள்ள இளவட்டங்களிடம் சொன்னால் "யாரு?" என்கிறார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

இளவட்டங்களும் இப்போது இங்கே அதிகம் இல்லை. 1990களின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை படுத்தது. கவுடர்களுக்கே கட்டுப்படியாகவில்லை, கூலிக்காரர்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்கள்? பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூர் பட்டறைக்கும் இறங்க ஆரம்பித்தார்கள். 2001இல் நீலகிரி மாவட்ட ஜனத்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் ஆள் குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். டான்டீயும் நஷ்டக் கணக்குக் காட்டி, 2,000 ஹெக்டேருக்குமேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று 2022இல் ஆணை வந்தது. ஓய்வுபெற்றவர்கள் லயத்தைக் காலி பண்ணிவிட்டு எங்கே போவது என்று அப்போது நடந்த போராட்டம் செய்தித்தாளில் ஓரமாக வந்தது. நானே கோயம்புத்தூரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சரி, முறத்துக்கு வருகிறேன். அப்பாயி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் கூகுள் வரைபடத்தைத் திறந்து, எங்கள் வீட்டார் இருந்த தலவாக்கலைப் பக்கம் தேடினேன். ரயில் பாதை கிடைத்தது. தேயிலைப் பச்சை கிடைத்தது. வரிசை வரிசையாகத் துருப்பிடித்த தகரக் கூரைகள், மலைக்கு மலை. எது அஞ்சாம் நம்பர்? தோட்டத்தின் பேர் தெரிந்தால்தானே. அப்பாயி வாயில் அது ஒரு மரத்தின் பேர். அப்படி ஒரு தோட்டமே வரைபடத்தில் இல்லை. இருப்பதெல்லாம் துரைமார் வைத்த ஸ்காட்லாந்துப் பேர்கள். பூண்டுலோயாவில் மக்பெத் நாடகத்து மலையின் பேரில் டன்சினன் என்று ஒரு தோட்டமே இருக்கிறது. இங்கே நீலகிரியிலும் கிளென்டேல், கிரெய்க்மோர், கிளென்மார்கன் என்றுதானே வைத்தான். சனம் கூப்பிட்ட பேர் வேறு, பலகையில் எழுதிய பேர் வேறு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல அப்பாயி ஒன்றுக்குத்தான் தெரியும், நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். வரும்போது அவருக்கு ஒன்பது வயது. பீலி லயத்துக்கு மேலே இருந்தது என்கிறார். பெரிய அத்தை கீழே என்கிறது. மாரியம்மன் கோயில் ஸ்டோருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு பேரும் போனிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை பார்த்த கிழவியின் பேரை மட்டும் இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நான் ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். பீலியை இரண்டு இடத்திலும் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி.

இதைப் படிக்கிறவர்களில் கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், வால்பாறை, கொடைக்கானல் என்று எங்காவது ஒரு அப்பாயியோ அம்மாச்சியோ இன்னும் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். குடும்ப அட்டை இருந்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள். எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எத்தனையாம் நம்பர் லயம், பக்கத்துக் காம்பராவில் யார் என்று கேளுங்கள். தோட்டத்துக்குத் துரை வைத்த பேரையும் கட்டாயம் கேளுங்கள். பீலி மேலேயா கீழேயா என்பதையும்.